சாய்தளத்தில் கட்டிய வாழைமரம்

ஜெப்ஸி,

பால் காய்ச்சிவிட்டேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. துணியும் காயப்போட்டாயிற்று.

நான் உனக்கு முன்னதாகவே கோயிலுக்குப் போகிறேன். புதிய சாய்தளத்தின் திறப்பு விழாவுக்கென்று அதன் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருக்கிறார்கள். நடுவில் உன் சக்கர நாற்காலி நுழையாது. செயலாளர் தேவதாசன் அண்ணாச்சியிடம் சொன்னேன். "அதுக்கென்னலே, நாலு பேரு பிள்ளையத் தூக்கி மேல விட்டுருவோம்" என்கிறார். பிறகு சாய்தளம் எதற்கு என்றேன். போட்டோவுக்கு என்றார். அரிவாளோடு போகிறேன்.

சாய்தளம்தான் உன் அக்காவின் கடைசி ஆசை என்று அவர் மேடையில் பேசப்போகிறார். "அக்கா அப்படியா சொன்னா, அத்தான்?" என்று நேற்று கேட்டாய். நான் பால் வாங்கவென்று எழுந்து போய்விட்டேன். உண்மையைச் சொல்லாதவரை விழாவுக்கு வரமாட்டேன் என்று நீ கதவை அடைத்துக்கொண்டாய். நீ வராவிட்டால் அதில் யார் ஏறுவது?

மாரிராஜின் ஆட்டோ பத்து மணிக்கு வரும்.

அத்தான்

பி.கு.: பீரோ சாவியை இந்தச் சீட்டின்மேல் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஜெயஷீலா கடைசியாகச் சொன்னது இதுதான்: "அந்த மாம்பழக் கலர் பட்டுச்சேலைய ஜெப்ஸி கேட்டா குடுத்துராதிய. கொழம்பச் சிந்திருவா."