ஆறு ஏரிக்கு ஒரு பைனாகுலர்

ஜனவரி 6, 2025

நேற்று ஆறு ஏரிகளில் 1,140 நத்தைகுத்தி நாரைகள். ஆதாரம்: அருள்மேரியின் நோட்டு. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு ஸ்கூட்டியில் ஏரி ஏரியாகப் போய் எண்ணியிருக்கிறார். அவரையும் சேர்த்து எங்கள் ஏரிக்குழுவில் ஆள் நான்கு. பைனாகுலர் ஒன்று, இறந்துபோன என் நண்பன் லாசருடையது.

ஆறில் ஒன்றான சித்தேரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மூடிச் சாலை போட ஒரு கிடங்குக்காரர் அனுமதி கேட்கிறார். பறவையே வராத ஏரியாம். எங்கள் எண்ணிக்கையைக் கோட்டாட்சியரிடம் கொடுத்தாயிற்று. பத்திரிகையில் என் செய்தியும் இன்று வந்துவிட்டது.

ஜனவரி 9

வல்லக்கோட்டை சாலையில் டீ. பெரியேரிக்கு எதிர்க் கம்பெனியின் செக்யூரிட்டி கண்ணப்பன் பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், அந்தம்மா ஸ்கூட்டிய எடுக்கறப்பவே நாரக் கூட்டமும் கெளம்புது. சித்தேரில எண்ணுனதயே பெரியேரிலயும் எண்ணிக்கினு கீறாங்க. நான் தெனம் பாக்கறேன்."

ஜனவரி 10

காலையில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முப்பத்தொரு வருஷத் தொழில் — இதைக்கூடக் கேட்காமலா எழுதினேன்?

ஜனவரி 11

பத்திரிகைக்கும் கோட்டாட்சியருக்கும் திருத்தம் அனுப்பினேன். போனில் அருள்மேரி வெடித்தார்: "நாமளே தப்புன்னு சொன்னா கால்வாய மூடிட்டுப் போய்டுவான்ணா! உங்களுக்கு உங்க பேருதான் பெருசு." வைத்துவிட்டார்.

ஜனவரி 13

போகிப் புகை. லாசர் நினைவு. 1998இல் எங்களிடம் பைனாகுலர் கிடையாது. அவன் போட்டோ எடுப்பவன், நான் எழுதுபவன். ஏரிக்கு ஆளுக்கொரு கரை. அவன் விசில் அடித்ததும் ஒரே நேரத்தில் எண்ணுவோம். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் டீ என் செலவு, தப்பு யாருடையதானாலும். பைனாகுலர் வந்த பிறகுதான் அது ஒன்றையே தூக்கிக்கொண்டு ஏரி ஏரியாகப் போனோம்.

ஒரே நேரத்தில் — இதை எப்படி மறந்தேன்?

ஜனவரி 15

விசில் கதையைக் கண்ணப்பனிடம் சொன்னேன். "சித்தேரி தவுத்து அஞ்சு ஏரிக்கும் பக்கத்துல கம்பெனி கேட் கீது சார். எல்லாம் நம்ம ஆளுங்க. நாள் பூரா லாரி நம்பர் எழுதறவனுக்கு நாரய எழுத வராதா?"

ஜனவரி 19

காலை ஏழு மணி. ஐந்து ஏரிகளில் ஐந்து செக்யூரிட்டிகள், சித்தேரியில் நான். வாட்ஸ்அப்பில் கண்ணப்பனின் ஒரே சொல்: "விசில்."

கண் கலங்கி எண்ண முடியவில்லை. எப்போது வந்தாரோ, அருள்மேரி பக்கத்தில் நின்று எண்ணத் தொடங்கியிருந்தார்.

மொத்தம் 388. சித்தேரியில் மட்டும் 231.

"பாதிக்கு மேல இங்கதாண்ணா," என்றார். மன்னிப்பு இருவருமே கேட்கவில்லை. டீ என் செலவு.

ஜனவரி 28

கோட்டாட்சியர் அலுவலகம் புதிய எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டது. ஆதாரம்: முத்திரையிட்ட நகல், அருள்மேரி கொண்டுவந்தார். கால்வாய் உத்தரவு நிலுவையில். பிப்ரவரி 14க்குள் வரலாம் என்கிறார் எழுத்தர்.

9ஆம் தேதி மறுபடி எண்ணுகிறோம். இன்னும் மூன்று கேட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பைனாகுலரை யாரும் கேட்கவில்லை.