உன் கம்ப்யூட்டரின் நலமறிய

அன்புள்ள மகன் குணாளனுக்கு அம்மா எழுதுவது. எஸ்டேட் மாரியம்மன் தயவில் இங்கு எல்லோரும் சுகம். ஆக்லாந்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது, அதன் சுகத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். வீடியோவில் பேசாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. பேசினால் பாதியில் அணைந்துவிடுகிறது, இதை நீ கிழித்துத்தான் போட வேண்டும், அதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

உன் தங்கச்சி மலருக்கு மாப்பிள்ளை பேசிய நாளில் தொடங்கிய வியாதி அது. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிற அகிலன்தான் மாப்பிள்ளை என்று சொன்னதும், டீச்சருக்குப் படிச்சவளுக்கு லோரிக்காரனா என்று கேட்டாய், ஆபீஸில் யாராவது போட்டோவைக் கேட்டால் எதைக் காட்டுவது என்றும் கேட்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாள் குறிக்க வேண்டும், தங்கச்சி கல்யாணத்துக்கு எப்போது வருகிறாய் என்று நான் வாய் திறந்தபோது போனில் உன் முகம் போய்விட்டது. கொஞ்சம் கழித்து மெசேஜ் வந்தது, சாரிம்மா, கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆயிருச்சு என்று. அந்த வாரம் சூடு காரணம் என்றாய், அப்போது இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாய். அடுத்த வாரம் விசிறியில் தூசி, அதற்கடுத்த வாரம் உள்ளே கரண்டு கொடுக்கிற பெட்டி கோளாறு. ஊர் ஆபீஸ் கம்ப்யூட்டரையெல்லாம் ரிப்பேர் பார்த்துச் சம்பளம் வாங்குகிற பிள்ளைக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் மட்டும் பிடிபடவில்லையே என்று உன் அப்பா கிடந்து தவித்தார். அந்த மனுஷன் கோயிலுக்குப் போய் உன் கம்ப்யூட்டர் பேரில் அர்ச்சனை செய்தார், குருக்கள் நட்சத்திரம் கேட்டதற்கு உன் நட்சத்திரத்தையே அதற்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் பிரிஞ்சாங் டவுனில் ரொஹானா கடைக்குப் போனேன். உன்னோடு படித்தவள்தான், அவள் அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் இப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். பக்கத்து மூடியக் கழட்டி தூசி தட்டச் சொல்லுங்க ஆன்ட்டி, வேற பிளக்குல மாட்டிப் பாக்கச் சொல்லுங்க, மெமரிய எடுத்துத் தொடச்சுப் போடச் சொல்லுங்க என்றாள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வந்து உன்னிடம் ஒப்பித்தேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று தலையை ஆட்டினாய். மறுபடியும் அணைந்தது. மறுபடியும் போனேன். அப்போது அவள் ஒன்று கேட்டாள், எப்ப ஆஃப் ஆகுது ஆன்ட்டி, பெரிய வேல பாக்கறப்பவா, சும்மா இருக்கறப்பவா, அது தெரிஞ்சா பாதி ரிப்பேர் முடிஞ்ச மாதிரிலா என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். நீ புது வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அணையவில்லை. கார் வாங்கிய கதையை எவ்வளவு நேரம் சொன்னாய், அப்போதும் அணையவில்லை. என் முட்டிவலியைக்கூட அது தாங்கிக்கொண்டது. மலர் கல்யாணம் என்றால்தான் அணைந்தது.

திரும்பப் போய் இதைச் சொன்னேன். ரொஹானாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. லைன் சரியில்லாம இருக்கும் ஆன்ட்டி என்று உனக்காகப் பூசி மெழுகினாள். நான் விடவில்லை, எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாள். அவள் முகம் திறந்த வாயோடு அப்படியே போனில் உறைந்து நின்றது, அதன் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டுச் சிவப்புப் பட்டனை அமுக்கினாள். உடனே சுத்தமாகப் போய்விட்டது. உன் முகம் ஒரு நாளும் உறைந்து நின்றதில்லையே, குணா. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் மலர் பேச்சை எடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, உன் வலது தோளை மட்டும் பார்த்தேன். நான் கல்யாணம் என்று முடிப்பதற்குள் அது லேசாகச் சாய்ந்தது, கை மௌஸுக்குப் போனது. பெற்றவளின் பேச்சை வெட்ட இவ்வளவு சின்ன அசைவு போதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

மலரிடம் சொன்னேன். அவள், அண்ணனுக்கு நீயா நாளச் சொல்லாதம்மா, அவரு வாயால கேக்கட்டும், கேட்டா சொல்லு, கேக்கலன்னா விடு என்றாள். நீ கேட்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன், மலர் கல்யாணம் போன வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கோயில் வாசலில் நின்றார், மச்சான் மாலை போட்டு உள்ளே அழைக்க வேண்டும், பொண்ணோட அண்ணன் எங்க என்று குருக்கள் சத்தமாகக் கேட்டார். மணக்கோலத்தில் நின்ற உன் தங்கை தலையைக்கூட நிமிர்த்தாமல், அவரு கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிருச்சு சாமி என்றாள். கூட்டமே சிரித்தது. பக்கத்து வீட்டு ரூபன் ஓடி வந்து மாலை போட்டான், பொரியும் அவன்தான் அள்ளிக் கொடுத்தான். உனக்கென்று தைத்து வைத்திருந்த ஜிப்பாவை அவனுக்குப் போட்டுவிட்டேன், தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது எஸ்டேட்டில் உன் பேர்தான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் யாராவது வேலைக்கு வராமல் சாக்குச் சொன்னால், என்னலா, ஒனக்கும் குணாளன் கம்ப்யூட்டரா என்று கங்காணி கேட்கிறார். இங்கிருந்து போய்ப் பெரிய ஆளானவர்கள் எத்தனையோ பேர், பேச்சில் நிலைத்தவன் நீ ஒருத்தன்தான்.

அகிலன் தங்கமான பிள்ளை. உனக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. குளிரில் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரியில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். உன் கம்ப்யூட்டர் இனிமேல் அணையாது, அதைக் கெடுத்த பேச்சு தீர்ந்துவிட்டது. நீயும் அதுவும் நூறு வருஷம் நல்லபடியாக ஓட வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கோயிலில் அத்தனை பேர் சிரித்தபோது உன் அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை, வீட்டுக்கு வந்து வேட்டியை மடித்துக்கொண்டே, அது தானா ஆஃப் ஆகலியா மணி என்று என்னைக் கேட்டார். நான் வேட்டியை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது தலை வாரிக்கொண்டு அவரே போன் முன்னால் உட்காருவார், அதையேதான் உன்னிடமும் கேட்பார். வாயைத் திறந்து சொன்னாலும் சரி, அணைத்தாலும் சரி, பதில் அவருக்குக் கிடைத்துவிடும்.

உன்னைப் பெற்ற பாவத்துக்கு ஆசீர்வாதத்துடன்,
அம்மா நவமணி