அம்மாவின் சர்க்கரை நோட்டு

அன்புள்ள அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் எனக்குச் சாதகமாக மாற்ற மாட்டேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் பதறாமல் படிக்கலாம்.

வைகாசியில் வலி வந்தது. சர்க்கரை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று தென்காசி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தினமும் இரண்டு வேளை நான்தான் அம்மாவின் விரலில் குத்தி, மெஷினில் பார்த்து நோட்டில் எழுதினேன். இருநூற்று அறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. எப்படி இறங்கும்? பழம் இனிப்பு என்று வாங்குகிறவர்கள் நம்ப வேண்டுமென்று நம் குற்றாலப் பழக்கடையில் தானும் ஒரு பழத்தைத் தின்று காட்டுகிறவள் அல்லவா?

ஆனியில் சாரல் விழுந்து அருவி சீசன் தொடங்கினால் கடையை விட்டு நகர முடியாது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவள் அவசரம். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் மதியத்திலிருந்து அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் நூற்று முப்பத்தெட்டு.

"அடுத்த வாரமே செஞ்சிரலாம்" என்றார் டாக்டரம்மா. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அப்பா, நீங்களும் இதையேதானே செய்தீர்கள்? சர்க்கரை டெஸ்ட்டுக்கு முந்தின நாள் வெறும் மோர். பிறகு ரிசல்ட்டைக் காட்டி, "பாத்தியாட்டி, அப்பாவுக்கு ஒண்ணுமில்ல" என்று சிரிப்பீர்கள். நானும் கைதட்டுவேன். உங்கள் கால்புண் கடைசிவரை ஆறவே இல்லை. அப்போது நான் யாரிடமாவது சொல்லியிருந்தால்?

பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" அம்மா தரையைப் பார்த்தாள். "இந்த சர்க்கரையோட ஆபரேஷன் செஞ்சா தையல் ஆறாது, சீழ் பிடிக்கும். மூணு வாரம் இன்சுலின் போட்டுட்டு வாங்க."

பஸ்ஸில் நம் ஊர் மேலகரம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா வெடித்தாள். "ஏட்டி, ஊரே சீசனுக்குக் கடைய தொறக்குது, நான் ஊசியப் போட்டுட்டு உக்காந்திருக்கணுமா? பெரிய கலெக்டரு இவ!"

"அப்பா மாதிரி நீயும் போயிட்டா நான் யாருகிட்டம்மா ஏச்சு வாங்குவேன்?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாப்பிடும் நேரத்தில் வந்து வயிற்றைக் காட்டினாள். "குத்து. கோவத்த ஊசியில காட்டாத."

மூன்று வாரத்தில் எண்கள் இறங்கின. ஆபரேஷன் அன்று காலையில் சர்க்கரை மாத்திரை கூடாது என்று சொல்லியிருந்தும், பழக்கத்தில் கையில் எடுத்துவிட்டாள். வெறும் வயிற்றில் அதைப் போட்டால் மயக்கம் வரும், பிடுங்கி வைத்தேன். சர்க்கரைக்காரர்களைப் பட்டினியோடு காக்க வைக்கக் கூடாதென்று அவளைத்தான் முதல் ஆளாக உள்ளே கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள் தையல் பிரித்த சிஸ்டர், "நல்லா காஞ்சிட்டுக்கா" என்றார். அம்மா என்னைக் காட்டினாள். "எல்லாம் இந்தக் கலெக்டரு உத்தரவு."

ஆனி முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது. ஆடியில்தான் திறந்தோம். பழப்பெட்டி மேல் தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அருவியில் குளித்த கூட்டம் இன்னும் குறையவில்லை.

"அக்கா, ரெண்டு கிலோ ரம்புட்டான் பழம்" என்கிறார் ஒருவர் அம்மாவிடம்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி. எனக்கு ஊசி போடுத நேரமாச்சு."

"சீசன்ல ஏழு மணிக்கா கடை அடைக்குதீங்க?"

"ஆள் இருந்தாத்தான அண்ணாச்சி அடுத்த சீசனு?"

அம்மாவை நான் பார்த்துக்கொள்வேன், அப்பா. இது சத்தியம். இனி எழுத வெளிச்சமில்லை. அவள் விளக்குகளை அணைத்துவிட்டாள்.

உங்கள் மகள்,
செல்வி