முதலில் எதைக் காப்பி செய்வது

மே 5, திங்கள்

கம்ப்யூட்டர் இன்றும் எழவில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, கம்பெனி பேர் வருகிறது, அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. சோறு வடித்து இறக்கிவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தன.

உள்ளே மாதங்கியின் இரண்டாம் தாள் முழுவதும் கிடக்கிறது. வண்டியூர்ப் பெண். பார்வை கிடையாது. நான் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வதைக் கேட்டுத்தான் ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிறாள். முதல் தாளைக் கொடுத்தாயிற்று. இரண்டாவதை எல்லாம் முடித்து மொத்தமாகக் கொடுக்கலாமென்று இருந்தேன். ஜூனில் தேர்வு.

மே 6, செவ்வாய்

பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் தல்லாகுளம் கடைக்குக் கொண்டு போனேன்.

"ஃபார்மேட் அடிச்சிருவோம்க்கா. புதுசு மாதிரி ஆயிரும்."

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"அது போயிரும்ல."

போயிருமாம்! வேறொரு ஆட்டோ பிடித்து வில்லாபுரத்துக்கே திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் இன்பசேகரன் சிரித்தார். "இனி நீயே மெக்கானிக்கா?"

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன ஆகிறதென்று பார் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதையே செய்து பார்த்தால் என்ன?

மே 7, புதன்

பிரிண்டரைக் கழற்றிவிட்டு எழுகிறதா என்று பார்த்தேன். இல்லை. மைக், பென் டிரைவ் எல்லாம் கழற்றினேன். இல்லை. அவசியமானதை மட்டும் வைத்து எழுப்பும் சேஃப் மோடிலும் அதே கதை. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால் உள்ளே தூசி மெத்தை மாதிரி. ராம் அட்டையை உருவி, அதன் காலை அழி ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். இல்லை.

விடுவதாயில்லை.

மே 8, வியாழன்

எழுந்துவிட்டது!

பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் இருப்பது ஒன்று, இடம் போதாமல் பிறகு மாட்டியது ஒன்று. அந்த இரண்டாவதன் ஒயரைப் பிடுங்கியதும், புள்ளிகள் கொஞ்சம் சுற்றி நின்று, திரை வந்துவிட்டது. தனியாக நின்று கைதட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. பாடங்கள் இருப்பது நான் பிடுங்கிப் போட்ட டிஸ்கில்.

ஒயர்தான் கெட்டதோ என்று வேறு ஒயர் போட்டேன். மறுபடி புள்ளிகள்தான் சுற்றின. காதை வைத்துக் கேட்டால் டிக், டிக் என்று தட்டுகிறது. ஒயர் இல்லை. டிஸ்கேதான்.

மே 9, வெள்ளி

டிஸ்கை வெளியிலிருந்து மாட்டுவதற்கு ஒரு பெட்டி கிடைத்தது. கம்ப்யூட்டர் முழுக்க எழுந்த பிறகு மாட்டினேன். ஃபோல்டர்கள் தெரிந்தன. ஆனால் ஒரே ஒரு ஃபைல் வருவதற்குள் உயிர் போகிறது. டிஸ்க் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. எந்த நிமிஷமும் நின்றுவிடலாம்.

அவர் பின்னால் வந்து நின்றார்.

"அப்பா போட்டோவ முதல்ல எடு."

மாமனார் ஆரோக்கியம் போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், இறந்தார். அவருடைய பழைய கேமரா படங்கள் வேறு எங்கும் இல்லை. எனக்குத் தெரியாதா?

"அவளுக்கு ஜூன்ல பரீட்சைங்க."

"பாடத்தத் திரும்பப் படிச்சுக்கலாம். எங்கப்பா திரும்ப வருவாரா?"

"மறுபடி மொத்தமும் படிக்க நாள் இல்லைங்க. இந்த வருஷம் விட்டா அவளுக்கு வயசு தாண்டிரும்."

பாடங்களைத்தான் முதலில் இழுத்துப் போட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மானிட்டர் முன்னால் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன். இரண்டையும் கேட்டேன்.

மே 10, சனி

டிஸ்க் நின்றுவிட்டது. கடைசி சில பாடங்கள் வரவில்லை. படம் ஒன்றுகூட வரவில்லை.

மே 11, ஞாயிறு

கோயிலிலும் அவர் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். அதுதான் கோபம்.

நான் செய்தது தப்பா? திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன். மறுபடி அந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வேன். அதனால் அழுகை நின்றுவிடவில்லை.

மே 13, செவ்வாய்

விடுபட்ட பாடங்களைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மாதங்கி போனில் குரலைக் கேட்டதுமே, "என்னக்கா, அழுதீங்களா?" என்றாள். மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

மே 15, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், மிளகு, எதற்கும் மசியவில்லை. காற்றுதான் வருகிறது. இன்னும் இரண்டு பாடம் பாக்கி.

மே 16, வெள்ளி

காய்கறி வாங்கித் திரும்பினால் உள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே யாரோ அறிவிப்பு வாசிப்பதுபோல் குரல். அவர். குழந்தை உளவியல், கடைசிக்கு முந்தைய பாடம்.

மைக்கில் சத்தம் விழக்கூடாதென்று இந்த மே மாத வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு, பனியன் நனைய உட்கார்ந்திருந்தார். கதவை லேசாகத் திறந்ததும் நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பிள்ள போன் பண்ணுச்சு. 'அண்ணே, அப்பா படம் போச்சாமே, எனக்குத் தெரிஞ்சிருந்தா வேணாம்னுருப்பேன்'னு ஒரே அழுகை. நான் என்ன சொல்லட்டும்? படிக்கிற வேலையப் பாரு தாயின்னு சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

"நீ பேசாத. தண்ணி மட்டும் கொண்டா."

கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டுப் பக்கத்தை விரலால் தேடினார்.

"ஏன் ஷெரின், கமா வந்தா நிக்கணுமா?"

"நிக்கணும்," என்றேன், காற்றாக. "கேட்டு மனசுல வாங்க அவளுக்கு நேரம் வேணும்ல."

"சரி," என்று அந்தப் பக்கத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.