குழந்தையின் கொப்புளமும் உங்கள் இருமலும்

நேற்று மாப்பிள்ளை போனில் ஒரு படம் அனுப்பினார். நம் பேத்தியின் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசி போட்ட இடம். சிவந்த கொப்புளம், நுனியில் சீழ். "ஊசி போட்ட இடம் இப்படி ஆயிடுச்சு அத்தை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்" என்று கீழே எழுதியிருந்தார். பார்த்ததும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போன புருஷன் மேல் இத்தனை வருஷம் கழித்துமா என்று கேட்காதீர்கள். வருகிறது.

எண்பதுகளின் கடைசி. திருநின்றவூரில் வாடகைக்கு இருந்தோம். மண்ணூர்பேட்டை லேத் பட்டறைக்கு நீங்கள் ரயிலேறிப் போவீர்கள். மகளுக்கு ஒன்றரை மாதம் ஆனதும் லீவு போட்டு, ஆவடி ஆஸ்பத்திரிக்கு எங்களோடு ஊசி போட வந்தீர்கள். நர்ஸம்மா வெறும் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்ததற்கு, "இன்னாமா, ஸ்பிரிட்டு போட மாட்டியா?" என்று சண்டைக்குப் போனீர்கள். "இந்த ஊசிக்கு அது கூடாதுங்க" என்றார் அவர். தோலில் பருப்பு அளவுக்கு ஒரு மேடு எழும்பியது. குழந்தை வீறிட்டாள், உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த மேடு கொஞ்ச நேரத்துல அமுங்கிடும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு கொப்புளம் வரும், சீழ் வைக்கும், உடையும். பயப்படாதீங்க. மருந்து, மஞ்சள் ஒண்ணும் வைக்காதீங்க, கட்டும் போடாதீங்க. தானா ஆறித் தழும்பாயிடும்" என்றார் நர்ஸம்மா. அதோடு விடவில்லை. "சின்னப் புள்ளைக்கு அந்த நோய் மூளை வரைக்கும் போகாம இது காக்கும். பெரியவங்களுக்கு வராதுன்னு சொல்ல முடியாது. வீட்டுல யாராவது விடாம இருமினா கூட்டிட்டு வாங்க." உங்கள் காதிலும் விழுந்தது. நான் பக்கத்தில்தானே நின்றேன்.

சொன்னபடியே கொப்புளம் வந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "நல்லா கீற கொயந்தைய இன்னாமா இப்டி புண்ணாக்கி வெச்சுக்கீறானுங்கோ! மஞ்சா கொயச்சி அப்பு" என்று கிண்ணத்தோடு வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தினேன். நீங்களோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்கு ஓடினீர்கள். சீழ் வைத்ததும் ஓடினீர்கள். உடைந்ததும் ஓடினீர்கள். நர்ஸம்மா சிரித்தே விட்டார். பட்டறையில் திட்டு விழுந்தது, நீங்கள் சட்டை செய்யவில்லை. அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

அவள் தவழத் தொடங்கியபோது உங்களுக்கு இருமல் பிடித்தது. பட்டறைத் தூசி என்றீர்கள். ரயில் காற்று என்றீர்கள். சாயங்காலமானால் காய்ச்சல், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நான் சொல்லாமலா இருந்தேன்? அழுதேன், சண்டை போட்டேன், ஒருநாள் சமைக்காமலேயே உட்கார்ந்தேன். நீங்கள் சட்டைக் கையை மடித்துத் தோளைக் காட்டினீர்கள். "தோ பாரு, ஸ்கூல்ல வரிசையா நிக்க வெச்சு எனக்கும் குத்திகீறாங்க. தயும்பு இருக்கிறவனுக்கு அந்த நோவு வராது, போ."

நர்ஸம்மா சொன்னதை நினைவூட்டினேன். "டி.பி. ஆஸ்பத்திரி வாசல்ல என்னப் பாத்தா ஊட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லும். பட்டறைலயும் நிறுத்திடுவானுங்க, தெரியுமா ஒனக்கு?" என்று கத்தினீர்கள். ஆக, வராது என்று நீங்களே நம்பவில்லை. பயம். வெறும் பயம். அந்த இருமலோடுதான் குழந்தையை மார்பில் போட்டுத் தூங்க வைத்தீர்கள். நான் பிடுங்கிக்கொண்டு போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் போனோம். "முன்னாடியே வந்திருந்தா மாத்திரைலயே சரியாகியிருக்குமேம்மா" என்றார் டாக்டர். காசு வாங்காமல் சும்மா கொடுக்கிற மாத்திரை! ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை நீங்கள். வெள்ளானூரில் உங்கள் அப்பாவின் நிலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம். குழந்தையையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. டாக்டர் அவள் தோள் தழும்பைத் தொட்டு, "இதைப் போட்டது நல்லதாப் போச்சு" என்றார். அதற்காக உங்களைக் கும்பிடுவதா, திட்டுவதா?

வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லவே இல்லை, தெரியுமா? நான் தையல் கம்பெனிக்குப் போனபோதெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு ஊட்டியது அவர்தான். யாருக்குப் பயந்து செத்தீர்கள் நீங்கள்?

நேற்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நர்ஸம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். சீழ் வைப்பது சகஜம், ஒன்றும் தடவ வேண்டாம், தானாக ஆறும் என்றேன். நிம்மதியாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இருமினார்.

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"சாதா சளி அத்தை. போன மாசத்துலருந்து இருக்கு, போயிடும்."

"நாளைக்குக் காலைல போய்ச் சளியைப் பரிசோதனைக்குக் குடுங்க. ஒண்ணுமில்லன்னு தெரியற வரைக்கும் குழந்தையைத் தூக்காதீங்க."

போனை வைத்துவிட்டார். கோபம்தான். கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொண்டு உயிரோடு இருக்கட்டும்.