காகத்துக்கு வைக்கும் சோறு

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நேரில் கூற இயலவில்லை; மன்னிக்கவும்.

இன்று அமாவாசை. காலஞ்சென்ற மாமாவை நினைத்துக் காகத்துக்கு மதிலில் சோறு வைக்கும் முன் பிரவுணியைக் கட்டிவிடுங்கள். காகம் உண்ட பின், "இரு" என்று சொல்லி, நாய் அமர்ந்தால் மட்டும் அதற்குச் சோறு கொடுங்கள். மூன்று வாரமாக அப்படித்தான் பழக்குகிறேன். தாங்களோ மேசைக்கடியில் ரொட்டி கொடுக்கிறீர்கள். கேட்டால், "நாய் தின்னா அப்பா கோவிச்சுக்கவா போறாரு?" என்று சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்விலயிலிருந்து தங்கள் அக்கா மத்தியானம் வருகிறார். மறுபடியும் படையலில் வாய் வைத்தால் நாயைத் தம் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவாராம்.

இங்ஙனம்,
சிவபாக்கியம்

பி.கு.: சென்ற அமாவாசையன்று பிரவுணியே எட்டித் தின்றதாகத்தான் அவரிடம் சொன்னேன். சோற்றை இறக்கிக் கொடுத்தவர் தாங்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை.