குரோட்டன்ஸ் செடிக்குள்ளிருந்து வந்த பதில்

என் உயிரான ராசம்மா அக்காவுக்கு,

அங்கேயும் மிஸ்ட் இறங்கியிருக்கிறதா? கொஞ்சம் விலக்கிவிட்டு இதைப் படி. செய்தி அவ்வளவு பெரியது. மஞ்சூர் மலை நேற்றிலிருந்து அரை அடி உயர்ந்து நிற்கிறது. உன் மகள் செல்விக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது!

நீ போன பதினாறாம் நாளே தேயிலை எஸ்டேட் மேஸ்திரி வாசலில் நின்றார். "அம்மா பேருக்குப் பதிலா பொண்ணு கொழுந்தெடுக்க வரட்டும், இல்லைன்னா எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி பண்ணுங்க." உன் கொழுந்துக் கூடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவள் முதுகில் ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துச் சொன்னாயே, மறப்பேனா?

நேர்முகத் தேர்வுக்கு நானும் கோவைக்கு இறங்கினேன். புயல் என்றால் துன்பம், கப்பல் என்றால் வாழ்க்கை, வெளிச்சம் என்றால் நம்பிக்கை. உலகத்துக் கடல் ஓவியம் அத்தனைக்கும் இந்த மூன்றே போதும் என்று பஸ்ஸில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் நடத்தினேன். அவள் தூங்கிவிட்டாள்.

உள்ளே அவள். ஜன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் செடிகளோடு செடியாக நான். சுவரில் ஒரு படம் காட்டினார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ரொமாண்டிக் காலத்து ஓவியமாம். காதலர்களைத் தேடினேன், சாய்ந்த கப்பலும், மலைமலையாய் அலையும், கப்பல் விளிம்பில் வாயருகே கை வைத்த ஒரு பெண்ணும்தான் இருந்தார்கள்.

"கடல் பாத்திருக்கியாம்மா?" என்றார் மூத்த பேராசிரியர்.

"இல்லைங்க சார். காலையில எங்க பள்ளம் பூரா மேகம் நெறைஞ்சு நிக்கும். அதைப் பாத்திருக்கேனுங்க."

"இயற்கைக்கு முன்னால மனுசன் தூசுன்னு சொல்ற படம் இது. அந்தப் பொண்ணு பயத்துல அலறுறா. நீ என்ன சொல்றே?"

போச்சு, என் மூன்று பாடத்தில் ஒன்றையாவது சொல்லித் தொலை என்று வேண்டிக்கொண்டேன்.

"அலறலைங்க சார். அலறுறவங்க கையைக் குவிக்க மாட்டாங்க. மிஸ்ட் எறங்கி பக்கத்து ஆள் தெரியலைன்னா எங்க அம்மா இப்படித்தான் கூவுவாங்க. பதில் வந்தாத்தான் அடுத்த அடி வைப்பாங்க. இருட்டு மூலையில பாருங்க, ஒரு மஞ்சப் புள்ளி. அது இன்னொரு படகோட விளக்குங்க. நம்பிக்கைன்னு பொதுவா சொல்ல மாட்டேன். அது இவங்களுக்கு வந்த பதில்."

பேராசிரியர்கள் மூவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தருகே போனார்கள். புள்ளி இருந்தது!

"எப்படிக் கூவுவாங்க?" என்றார் ஒருவர்.

கையைக் குவித்தாள். "கூ... ஊ... ஓய்!"

அக்கா, அது உன் குரல். நான் என்ன செய்வேன்? கூவல் கேட்டால் பதில் கொடுக்காமல் இருக்க நம் ஆட்களால் முடியுமா? குரோட்டன்ஸுக்குள்ளிருந்து நானும் கொடுத்தேன், "கூ... ஊ... ஓய்!" கோவை நகரமே குலுங்கியது. வாட்ச்மேன் பாய்ந்து வந்து என் காலரைப் பிடித்தார்.

"யாரும்மா அது?"

"எங்க மாமாங்க சார்," என்றாள் செல்வி. வெட்கமே படாமல், நிமிர்ந்து சொன்னாள்.

பேராசிரியர் சிரித்தார். "காலரை விடுப்பா. அவருதான் அந்த மஞ்சப் புள்ளி."

இனி அவளுக்கு விடுதிதான் வீடு. லயத்து வீட்டைக் காலி செய்து, உன் கூடையை என் வீட்டில் மாட்டிவிட்டேன். சிலோனை விட்டு, இடுப்பில் என்னை வைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி வந்தாயே, அந்தக் கடலைப் பற்றி ஏன் நீ கடைசிவரை வாயே திறக்கவில்லை? முதல் லீவில் அவளை, நீ வந்திறங்கிய ராமேஸ்வரம் கூட்டிப்போவேன். கரையில் இருவரும் கையைக் குவித்துக் கூவுவோம். பதில் வரும்வரை அங்கேயே நிற்போம், இது சத்தியம்.

உன் இடுப்பிலிருந்து இன்னும் இறங்காத தம்பி,
நீலகிரியின் ஓவிய மேதைக்கு ஒரே தாய்மாமன்,
முருகேசன்